ஊடுங்களா, கொட்டாய்ங்களா?

எங்கள் வீட்டின் அளவு பத்துக்குப் பதினாலு அடி. உள்ளே ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு மேடை, கக்கூஸும் குளிக்கிற இடமும் சேர்ந்த ஒரு மூலை, மூச்சு மிஷின் நிற்க ஒன்றரை அடி இடம். ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டை ஜீப்பில் போய் இறங்கி, பதினைந்து நிமிஷம் நடக்க வேண்டும். கட்டும்போது அந்தப் பக்கம் கரண்டுக் கம்பி கிடையாது. அதனால் கூரை மேல் நாலு சோலார் தகடு, வெளிச்சுவரை ஒட்டிய பெட்டிக்குள் நாலு பேட்டரி. தண்ணீருக்கு, கூரையில் விழுகிற மழையைப் பிடிக்க இரண்டு கருப்பு டேங்க். நானே வரைந்து, கொத்தனாரோடு நின்று கட்டியது. இப்போது அதில் நான் மட்டும் இருக்கிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் முப்பது வருஷம் மோட்டார், இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் பார்த்தேன். மோட்டார் ரூமில் யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அந்த வேலையில் நிலைத்தேன் என்று நினைக்கிறேன். ஆளைப் பார்த்தால் எனக்கு "ஏனுங்க" என்ற ஒரு வார்த்தை வரும், அதற்கு மேல் நாக்கு எழும்பாது. என் மனைவிக்கும் அதே லாட்ஜில்தான் வேலை. விடிவதற்குள் விறகு பாய்லரைப் பற்றவைத்து, ரூம் ரூமாக வெந்நீர் கொண்டுபோய் வைக்க வேண்டும். சில்வர் ஓக் விறகு. மழைக் காலத்தில் ஈரமாக வரும், தீயைவிடப் புகைதான் அதிகம். இருபத்திரண்டு வருஷம் அந்தப் புகையில் நின்றாள்.

லாட்ஜில் பேட்டரி ரூமுக்குக் காற்றுப் போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சுவரை உடைத்து அங்கே ஒரு ஃபேன் வைத்திருந்தேன். பாய்லர் கொட்டகைக்கு ஒன்று வைக்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

அவள் நுரையீரல் பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை என்று சேலத்தில் சொன்னார்கள். ராத்திரி பத்து மணி நேரம் ஆக்சிஜன் மிஷின் ஓட வேண்டும், பகலிலும் நடந்தால் கொஞ்ச நேரம் வேண்டும். முடிந்தால் மலையை விட்டுக் கீழே வந்துவிடுங்கள் என்றார் டாக்டர். கீழே சேலத்தில் அவளுடைய தங்கச்சி வீடு இருக்கிறது. இரண்டு நாள் இருந்து பார்த்தோம். பங்குனி வெயில். மூன்றாம் நாள் காலையில் பையை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். "இங்க நான் மூச்சு உட்டாலும் ஒண்ணுதான், உடாட்டியும் ஒண்ணுதான். பஸ்ஸேத்தி உடுங்க" என்றாள்.

அதே சமயம் லாட்ஜை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் இடித்துக் கட்டப் போகிறார்கள். பின்பக்கம் நாங்கள் இருந்த ரூமைக் காலி செய்ய மூன்று மாசம் கொடுத்தார்கள். ஏற்காட்டில் வாடகைக்கு என்று இருந்த ரூமெல்லாம் ஹோம்ஸ்டே ஆகிவிட்டது. அவளுடைய அண்ணன், என் மச்சான், மிளகும் காபியும் போட்டிருக்கிற சரிவில் மூன்று சென்ட் அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தார். அவர் வீட்டில் கரண்டு உண்டு, ஆனால் விறகு அடுப்பு. அந்த வீட்டுக்கும் எங்கள் இடத்துக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம். வயர் இழுக்கிற தூரம் இல்லை.

அப்படித்தான் கம்பி இல்லாத வீடு என்று முடிவானது. ஆசைப்பட்டு எடுத்த முடிவு இல்லை.

லாட்ஜின் பழைய ரிஜிஸ்டர் தாள்களின் பின்பக்கம் வரைந்தேன். எனக்கு வீட்டு பிளான் போடத் தெரியாது. ஒன்று மட்டும் அளந்து வைத்திருந்தேன். அவள் நிற்காமல் பதினோரு காலடி வைப்பாள். பன்னிரண்டாவது அடியில் சுவரைப் பிடிப்பாள். ஆகவே கட்டிலிலிருந்து எந்த இடமும் பதினோரு காலடிக்குள் இருக்க வேண்டும். கட்டில் உயரம் அவள் முட்டி அளவு. கதவுக்குப் படி கிடையாது, சரிவு. தாளில் வரைந்ததை லாட்ஜ் மொட்டை மாடியில் சாக்பீஸால் முழு அளவுக்குப் போட்டேன். கட்டிலுக்கு இரண்டு பிளாஸ்டிக் சேர், அடுப்புக்கு ஒரு பெயின்ட் டப்பா. அவளைக் கூட்டிவந்து நடக்கச் சொன்னேன்.

சேரிலிருந்து எழுந்து நேராகக் கோட்டைத் தாண்டி நடந்தாள்.

"செவுத்துல நொழஞ்சு போறயே" என்றேன்.

"கதவ எங்கீங்க வெச்சிருக்கீங்க?"

"அக்கட்ட, டேங்க் பக்கம்."

"அந்தப் பக்கம் கதவு வெச்சா எனக்கு என்னுங்க தெரியும்? உங்க டேங்க்கையே பாத்துட்டு உக்காந்திருக்கறதா? இக்கட்ட வெய்யுங்க. எங்கண்ணன் தோட்டத்துல யாரு மொளகு திருடறாங்கன்னாவது பாக்கலாம்."

கோட்டை அழித்துக் கதவை மாற்றினேன். மறுபடி நடந்தாள். கட்டிலிலிருந்து கக்கூஸுக்கு எட்டு. அடுப்புக்கு ஐந்து. கதவுக்கு ஆறு. வாய்விட்டு எண்ண மூச்சில்லாமல் விரலை மடக்கி எண்ணினாள். "உங்களுக்கு எங்கீங்க எடம்?" என்று கேட்டாள். எனக்கென்று எதுவும் வரையவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரிக்க இடம் இருக்கிறது என்று காட்டினேன். மிஷினுக்குக் கொடுத்த இடத்தில் பாதிகூட எனக்கு இல்லை என்று சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, பெயின்ட் டப்பா மேல் உட்கார வேண்டியதாகிவிட்டது.

ஜீப்பில் வந்த ஹாலோபிளாக் கற்களை ரோட்டிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்தோம். கருங்கல் அஸ்திவாரம், இரும்புப் பைப், தகரக் கூரை, அதற்குக் கீழே சூடும் சத்தமும் தாங்க ஒரு அட்டை. மச்சான் தினமும் பள்ளத்தைத் தாண்டி வந்து பார்ப்பார்.

"மாப்ள, கோழிக்கு ரெண்டடி, ஆட்டுக்குப் பத்தடி, எந்தக் கணக்குல கட்டறீங்க?"

"மூச்சுக் கணக்குலீங்க மச்சான்."

"அப்ப என் பொறந்தவளுக்கு மட்டுந்தான். உங்களுக்கு வெளிய கயித்துல கட்டிப் போடறமாதிரி ஒரு கம்பம் நட்டுக்கலாம்."

அவர் கேலி பேசினாலும் இரண்டாம் டேங்க்கைத் தன் தோளில் தூக்கி வந்தவர் அவர்தான்.

வைகாசியில் குடிவந்தோம். முதல் மாசங்கள் நன்றாக இருந்தன. மிஷின் ராத்திரி முழுக்க ஓடும், காலையில் பேட்டரி பாதியில் நிற்கும், மத்தியானத்துக்குள் நிறைந்துவிடும். வெயில் இல்லாவிட்டாலும் ஒரு நாள் தாங்கும். என் கணக்கு அவ்வளவுதான். லாட்ஜில் இருந்தபோது பனிமூட்டம் என்றால் எனக்கு ஜெனரேட்டரைத் தட்டுகிற வேலை, அதோடு சரி. ஐப்பசி கார்த்திகையில் இந்த மலையில் எத்தனை நாள் சூரியன் முகம் காட்டாது என்று முப்பது வருஷம் பார்த்தும் எண்ணி வைக்கவில்லை.

ஆவணியில் ஒருவர் வந்தார். கையில் ஃபைல், தோளில் பை. வயசு குறைவு, பேச்சைக் கேட்டால் வேறு மாவட்டம். கரண்டு இல்லாத வீடுகளைக் கணக்கெடுக்க வந்திருக்கிறார், பட்டியலில் இருக்கிற வீடுகளுக்குக் கம்பம் நட்டு லைன் கொடுப்பார்கள். அவள் உள்ளே மிஷினோடு படுத்திருந்தாள். நான் வெளியே டேங்க் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். "இது வீடுங்களா, ஷெட்டுங்களா?" என்றார்.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. நம்முடையதைப் பற்றி யாராவது கேட்டால் குறைத்துத்தான் சொல்ல வேண்டும். ஐம்பது பேருக்கு இலை போட்டவர் "ஏதோ கொஞ்சம் சோறுங்க" என்பார். மாடி கட்டினவர் "ஒரு குடிசை போட்டிருக்கேனுங்க" என்பார். கேட்கிறவரும் எங்கள் பக்கத்து ஆள் என்றால், சிரித்துக்கொண்டே "உங்க குடிசைக்குள்ள போலாங்களா" என்பார். பெரிதாகச் சொன்னால் கண் படும் என்பதைவிட, சொல்லக் கூச்சம் என்பதுதான் அதிகம். எனக்கு மற்றவர்களைவிட அது இன்னும் கூடுதல். யாரோ படித்த பிள்ளை என் கட்டுமானத்தைப் பார்க்கிறது என்றதும் உடம்பே சுருங்கிவிட்டது.

"ஊடுன்னு சொல்றமாதிரி எங்கீங்க இருக்குது. சும்மா ஒரு கொட்டாய் போட்டிருக்கேனுங்க" என்றேன்.

"கொட்டாய்னா ஷெட்டுதானே?"

"ஆமாங்க."

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. கேட்டார், சொன்னேன், எழுதினார்.

உள்ளே போனபோது அவள் விழித்திருந்தாள். "யாரோ வந்தாங்களாட்ட?"

"கணக்கெடுக்கறவரு."

"கொட்டாய்ன்னு சொன்னது காதுல உழுந்துச்சு" என்றாள். அன்றிலிருந்து என்னைக் கொட்டாய்க்காரரே என்று கூப்பிட ஆரம்பித்தாள். "ஏனுங்க கொட்டாய்க்காரரே, தண்ணி கொண்டாங்க." எங்களுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது.

புரட்டாசி கடைசியில் கம்பம் வந்தது. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஏழு கம்பம் நட்டார்கள். கடைசிக் கம்பம் எங்கள் கதவிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், ஒரு ஆட்டுப்பட்டிக்காரர் வீட்டோடு நின்றுவிட்டது. எங்களுக்கு அடுத்த வாரம் வரும் என்று இருந்தேன். மச்சான்தான் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்.

"லிஸ்ட்ல உங்க ஊடு இல்ல மாப்ள. ஷெட்டுன்னு இருக்குதாமா. ஆளில்லாத ஷெட்டுக்கு லைன் இல்லையாமா."

 அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டிலிலிருந்து அவள்தான் சொன்னாள்: "இவரு வாயில வந்ததுதான்."

அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் அடுத்த நாளே கரண்டு ஆபீஸில் போய் நின்றிருப்பேனோ என்னவோ.

போனேன், போகாமல் இல்லை. மூன்று தடவை போனேன். முதல் தடவை கூட்டமாக இருந்தது, வந்துவிட்டேன். இரண்டாம் தடவை ஜன்னல் முன்னால் நின்று "ஏனுங்க" என்றேன். உள்ளே இருந்த அம்மா நிமிர்ந்து "சொல்லுங்க" என்றார். என்ன சொல்வது? நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். "லைன் எப்பங்க வரும்" என்று பொதுவாகக் கேட்டேன். "லிஸ்ட்ல இருந்தா வருங்க" என்றார். சரிங்க என்று திரும்பினேன். மூன்றாம் தடவை வாசல் வரைதான். வீட்டில் கேட்டால், பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

கார்த்திகை பிறந்ததும் பனி இறங்கியது. கதவைத் திறந்தால் அந்தக் கடைசிக் கம்பம் தெரியவில்லை. முதல் நாள் பேட்டரி தாங்கியது. இரண்டாம் நாள் ராத்திரி பாதி மிஷின், பாதி வெறும் மூச்சு. மூன்றாம் நாள் ஏற்காடு போய், பந்தல் கடையில் ஒரு சின்ன ஜெனரேட்டர் எடுத்து வந்து ஐம்பது அடி தள்ளி வைத்தேன். காற்று இல்லாத பனியில் அதன் புகை மேலே ஏறவே இல்லை. தரையோடு ஊர்ந்து கதவுக்கு வந்தது. அவள் புகை என்று சொல்லக்கூட முடியாமல் கையை ஆட்டினாள். ஓடிப்போய் அணைத்தேன். புகை வரக்கூடாது என்று அடுப்பிலிருந்து எல்லாம் யோசித்துக் கட்டின வீடு அது.

அப்போது ஒரு காரியம் செய்தேன். பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். பேட்டரி கெடாமல் இருக்க அப்படி வைத்திருப்பார்கள். அந்தத் தடுப்பைக் கழற்றிவிட்டு மிஷினை ஓட்டினேன். இன்னும் இரண்டு மணி நேரம் கிடைத்தது. மறுநாள் பேட்டரி பெட்டியைத் திறந்தபோது இரண்டு உப்பியிருந்தன. நாலும் ஒன்றோடொன்று கோத்தது, இரண்டு போனால் நாலும் போன மாதிரி. முப்பது வருஷம் இதே வேலை பார்த்தவன், தெரிந்தேதான் செய்தேன்.

மச்சானும் நானும் அவளை நாற்காலியோடு தூக்கி ரோட்டுக்குக் கொண்டுபோனோம். சேலத்தில் தங்கச்சி வீட்டில், இரண்டாம் மாடியில், மிஷினைச் சொருகியதும் ஓடியது. சுவரில் ஒரு பிளக். அவ்வளவுதான். அவள் அந்தப் பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தன நாளைக்குங்க?" என்றாள்.

"லைன் வர்ற வரைக்கும்."

"லிஸ்ட்ல இல்லாத கொட்டாய்க்கு எப்படிங்க லைன் வரும்? போய்ச் சொல்லுங்க. உங்க பொண்டாட்டி அதுக்குள்ள இருக்கறான்னு சொல்லுங்க. அதச் சொல்லறதுக்கு என்ன கூச்சம்?"

மறுநாள் ஆபீஸில் அதே ஜன்னல். அதே அம்மா. "அது ஊடுங்க. நான் தப்பாச் சொல்லிப்போட்டேனுங்க. எம்பொண்டாட்டிக்கு மிஷின் ஓடணுங்க" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த அம்மா மனு எழுத வைத்தார். எழுத்துப் பிழையை அவரே திருத்தினார். நேரில் வந்து பார்ப்பார்கள், ஆள் குடியிருக்க வேண்டும், பூட்டியிருந்தால் மறுபடி முதலிலிருந்து என்றார். வரும் நாளையும் சொன்னார்.

பூட்டாமல் நான் இருந்தால் போதும். ஆனால் அவள் கேட்கவில்லை. "நீங்க ஒத்த ஆளா நின்னா, மறுபடி என்னத்தையாவது கொறச்சுச் சொல்லிப்போடுவீங்க. நான் வர்றேன்" என்றாள். தங்கச்சி அழுதாள். நானும் வேண்டாம் என்றேன், அழுத்திச் சொல்லவில்லை. அவள் வந்து கட்டிலில் படுத்திருந்தால் அதைவிடச் சாட்சி வேறு வேண்டாம் என்று என் மனசிலும் ஓடியது.

வாடகைக்கு ஒரு சிலிண்டர் எடுத்தோம். பத்து மணி நேரம் வரும் என்றார் கடைக்காரர். காலை ஏழு மணிக்கு ஜீப்பில் கிளம்பினோம். மேலே வந்ததும் பனி. வீட்டுக்குள் ஈரவாடை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, தலையை வாரிக்கொண்டாள். கூட்டச் சொன்னாள், கூட்டினேன். ஸ்டவ்வில் டீ வைக்கச் சொன்னாள். "வர்றவருக்கு ஒரு டம்ளர் எடுத்து வெய்யுங்க. ஊடுன்னா டீ குடுப்பாங்க."

பத்து ஆனது, பன்னிரண்டு ஆனது. சிலிண்டர் முள் பாதிக்கு வந்துவிட்டது. கீழே போக இரண்டரை மணி நேரம். இரண்டு மணிக்குள் கிளம்பியாக வேண்டும். போன் போட ரோட்டு வரை ஓடினேன். கொண்டை ஊசி வளைவில் மரம் விழுந்து பாதை அடைத்திருக்கிறது, வர வேண்டியவர் கீழே நிற்கிறார், நாளைக்கு என்றார்கள்.

திரும்பி வந்து சொன்னேன். அவள் முள்ளைப் பார்த்தாள், பிறகு கதவுக்கு வெளியே பார்த்தாள். பனியில் மிளகுக் கொடி ஒன்றும் தெரியவில்லை.

"இன்னஞ் செத்த நேரம் இருக்கலாங்களா?" என்றாள்.

"மரம் எடுத்துட்டாங்களான்னு தெரியல. வழியில நின்னுட்டா?"

"செரி."

அரை மணி நேரம் இருந்தோம். அதற்கு மேல் நான் தாங்கவில்லை. மச்சானைக் கூப்பிட்டு நாற்காலியைத் தூக்கினோம். ஜீப்பில் அவள் என் தோளில் சாய்ந்து, "நாளைக்கு எத்தன பேருன்னு கேட்டா ரெண்டுன்னு சொல்லுங்க" என்றாள். பாதை திறந்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருக்கலாம்.

மறுநாள் நான் மட்டும் மேலே வந்தேன், அதிகாரியும் வந்தார். எத்தனை பேர் என்று கேட்டார். ரெண்டு பேருங்க என்றேன். இன்னொருவர் எங்கே என்றதற்கு, கரண்டு வந்ததும் வருவாங்க என்றேன். கட்டிலையும் அடுப்பையும் பார்த்துவிட்டு, நல்லாக் கட்டியிருக்கீங்க என்றார். நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆமாங்க என்றேன். டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

தை நடுவில் அவள் சேலத்தில், அந்தப் பிளக்குக்குப் பக்கத்தில் படுத்தபடியே போய்விட்டாள். சளி கட்டிக்கொண்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நேரம் இருக்கவில்லை. மாசியில் ஒரு காலை, நல்ல வெயில், இரண்டு பேர் வந்து கம்பியை இழுத்து மீட்டர் மாட்டினார்கள். தங்கச்சி திருப்பி அனுப்பியிருந்த மிஷின் அதன் இடத்தில் நின்றது.

"ஏதாச்சும் லோடு போடுங்க, மீட்டர் ஓடுதான்னு பாக்கலாம்" என்றார் வெளியே நின்றவர்.

வீட்டில் ஒரு பல்பு இருந்தது. நான் மிஷினைச் சொருகினேன். அது வழக்கம்போல ஒரு தரம் பீப் என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தது. குழாய் முனை போர்வை மேல் கிடந்தது, அங்கிருந்து காற்று வருவது கையை வைத்தால் தெரிந்தது.

"ஓடுதுங்க, போதும், அணைச்சிருங்க" என்றார்.

கேட்டது. கையை அங்கேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவர் இரண்டாவது தடவையும் சொன்ன பிறகுதான் அணைத்தேன்.